நிரலை எங்கே வைப்பது, சந்தேகத்தை எங்கே கேட்பது?

போன வருஷம் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஓர் எழுத்துரு மாற்றி எழுத ஆரம்பித்தோம். பாமினி, திஸ்கி, டாம், டாப் என்று பழைய குறிமுறைகளில் கிடக்கும் தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்குக் கொண்டுவரும் சின்ன நிரல். இரண்டு பேர் சென்னை, ஒருவர் யாழ்ப்பாணம், ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் திருநெல்வேலி. நிரல் இருந்தது வாட்ஸ்அப் குழுவில். 'மாற்றி புதுசு', 'மாற்றி புதுசு சரிபார்த்தது', 'மாற்றி கடைசி இதுதான்' என்று ஜிப் கோப்புகளாக. யாழ்ப்பாணத்துத் தம்பி மூன்று நாள் உட்கார்ந்து தீர்த்த ஒற்றைக்கொம்பு வழுவை, நான் பழைய ஜிப்பின் மேல் வேலைசெய்து அனுப்பி ஒரே ராத்திரியில் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "அண்ணை, இனி எல்லாத்தையும் ஒரு இடத்தில வைப்பம்" என்றார், அவ்வளவுதான்.

அந்த ஒரு இடம் எது என்று முடிவுசெய்ய எங்களுக்கு ஆறு வாரம் ஆனது. அதற்குள் நிரலையே எழுதி முடித்திருக்கலாம். ஆனால் அந்த ஆறு வாரத்தில் பார்த்தது, இதே குழப்பத்தில் இருக்கும் வேறு சின்னக் குழுக்களுக்குப் பயன்படும்.

முதலில் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்களில் திருநெல்வேலிக்காரர் அவர்தான். முப்பது வருஷம் டிடிபி வேலை. டாம் எழுத்துருவில் எந்தச் சாவி எந்த எழுத்து என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எங்கள் நிரலின் அட்டவணைகளில் பாதி அவர் தலையிலிருந்து வந்தவை. நிரலில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும் கிட் என்ற கருவியைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டே போனபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "கிட்டு கிட்டுங்கியே, அதுல எங்கடே அமுக்கணும்?" எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அண்ணாச்சி அதற்குள் எப்படி வருவார் என்பதும் எங்கள் கணக்கில் இருந்தது.

நிரல் நகரும், பேச்சு நகராது

கிட்டை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் கருநிரலுக்காக எழுதினார். அதுவரை அவர்கள் பயன்படுத்திய பிட்கீப்பர் என்ற அதே மாதிரிக் கருவியின் இலவசச் சலுகை நின்றுபோனதுதான் காரணம். அதன் அமைப்பிலேயே ஒரு வசதி உண்டு. யார் குளோன், அதாவது பிரதி, எடுத்தாலும் அவர் கணினியில் முழு வரலாறும் இருக்கும். சர்வர் எரிந்துபோனாலும் ஐந்து பேரில் ஒருவரிடமிருந்து திரும்ப ஏற்றிவிடலாம். ஆகவே 'நம் நிரலுக்குப் பாதுகாப்பான இடம் எது' என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை.

கிட்டுக்குள் வராதவைதான் சிக்கல். யார் என்ன வழுவைச் சொன்னார்கள், ஏன் இப்படித் தீர்த்தோம், எந்த யோசனையை ஏன் ஒதுக்கினோம் என்ற பேச்செல்லாம் இஷ்யூ எனும் வழுப்பதிவுகளிலும் புல் ரிக்வெஸ்ட் எனும் திருத்தக் கோரிக்கைகளிலும் இருக்கும். அவை இடம் கொடுத்தவரின் தரவுத்தளத்தில் இருக்கின்றன, நம் குளோனில் இல்லை.

இது வெறும் பயம் இல்லை. 1999-இல் வந்த சோர்ஸ்ஃபோர்ஜ் ஒருகாலத்தில் கட்டற்ற மென்பொருளுக்கு ஊர்ச்சந்தை மாதிரி. படம் திருத்தும் நிரலான கிம்ப் 2013-இல் அங்கிருந்து கிளம்பியது. 2015-இல் விண்டோஸ் கிம்புக்கான அந்தப் பழைய பக்கத்தை அந்தத் தளமே கையில் எடுத்து, நிறுவியோடு விளம்பர மென்பொருளைக் கட்டிக்கொடுத்துப் பெரிய சண்டையானது. கூகுள் கோடு 2006-இல் ஆரம்பித்தது. மூடப்போவதாக 2015 மார்ச்சில் அறிவிப்பு, 2016 ஜனவரியில் மூடல். கிட் மாதிரியே இன்னொரு கருவியான மெர்க்யூரியலை நம்பிப் பிட்பக்கெட்டில் குடியேறியவர்களுக்கு 2020-இல் அந்த வசதியே போனது. பெரிய பெயர் என்பதால் நிலைத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆகவே ஒவ்வொரு இடத்தையும் ஒரு கேள்வியை வைத்துப் பார்த்தோம்: நாளைக்கே கிளம்பவேண்டி வந்தால் எதை விட்டுவிட்டுப் போவோம்?

கிட்ஹப்

கிட் களஞ்சியங்களுக்கு, அதாவது நிரலும் அதன் வரலாறும் சேர்ந்த தொகுப்புகளுக்கு, இணையத்தில் இடம் தரும் தளம். ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். இதைவிடப் பெரிய வாதம் எதுவும் இல்லை. கல்லூரி மாணவர் ஒருவர் எங்கள் நிரலில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த விரும்பினால், புதிதாகக் கணக்கு தொடங்கி, மின்னஞ்சலை உறுதிசெய்து, கடவுச்சொல் வைத்து என்று போகமாட்டார். கிட்ஹப் கணக்கு ஏற்கெனவே இருக்கும். ஓப்பன்-தமிழ் நூலகம், இ-கலப்பை என்று தமிழ்க் கணிமையில் நாங்கள் எட்டிப்பார்க்கும் வீடுகளும் அதே தெருவில் இருக்கின்றன.

பொதுக் களஞ்சியங்களுக்குத் தானியங்கிச் சோதனை ஓட்ட ஆக்‌ஷன்ஸ் இலவசம். பயனர் கையேட்டை வலைப்பக்கமாக வைக்க பேஜஸ் இலவசம். உலாவியிலேயே கோப்பை இழுத்துப் போட்டு ஏற்றலாம், ஒரு கோப்பு 25 எம்பி வரை. அண்ணாச்சிக்காக இதை முக்கியமாகக் குறித்துவைத்துக்கொண்டேன்.

மறுபக்கம்? மைக்ரோசாஃப்ட் 2018-இல் 750 கோடி டாலருக்கு வாங்கிய நிறுவனம் அது. கட்டற்ற மென்பொருளின் தலைநகரம் ஓடுவது மூடிய மென்பொருளில். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். கதவு சாத்தப்பட்ட தருணங்களைத்தான் கவனிக்கவேண்டும். 2014 டிசம்பரில் இந்திய அரசு 32 தளங்களை முடக்கச் சொன்ன பட்டியலில் கிட்ஹப்பும் இருந்தது. 2019-இல் அமெரிக்கத் தடைச்சட்டம் காரணமாக ஈரான், சிரியா, கிரீமியாவில் இருந்தவர்களின் தனிக் களஞ்சியங்கள் பூட்டப்பட்டன. 2020 அக்டோபரில் பதிப்புரிமைப் புகாரின் பேரில், யூடியூப் காணொளிகளை இறக்கும் யூடியூப்-டிஎல் நிரலின் களஞ்சியம் இறக்கப்பட்டு நவம்பரில் திரும்பி வந்தது.

எனக்கு அதிகமாக உறைத்தது 2024 மார்ச்சில் நடந்த எக்ஸ்இசட் விவகாரம். கோப்புகளைச் சுருக்கும் அந்த நிரலில் யாரோ வருஷக்கணக்காக நல்லபிள்ளையாகப் பங்களித்து, பராமரிப்பாளராகி, பின்கதவு வைத்தது வெளியே வந்ததும் கிட்ஹப் அந்தக் களஞ்சியத்தை முடக்கியது. அவசரத்துக்குச் செய்தது நியாயம்தான். ஆனால் என்ன நடந்தது என்று ஆராய உட்கார்ந்தவர்களுக்குப் பழைய உரையாடல்களைப் புரட்டவேண்டிய அதே நாளில் அந்தப் பக்கம் திறக்கவில்லை. நிரலின் பிரதி வேறு இடங்களில் இருந்தது.

கிட்லேப்

கிட்ஹப் செய்யும் வேலையையே செய்யும் மென்பொருள், உக்ரைன்காரர் ஒருவர் 2011-இல் ஆரம்பித்த திட்டம். சமூகப் பதிப்பைத் தரவிறக்கி நம் சர்வரிலேயே ஓட்டலாம் என்பதுதான் இதன் பலம். டெபியனின் சால்சா, க்னோம், கேடிஈ என்று பெரிய லினக்ஸ் திட்டங்கள் எல்லாம் அப்படித் தங்களுக்கென ஒன்றை நிறுவிக்கொண்டு ஓட்டுகிறார்கள். ஆனால் அவர்களுக்கு அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. 4 ஜிபி நினைவகத்துக்குக் குறைந்த கணினியில் அது மூச்சு வாங்கும்.

கிட்லேப் நிறுவனமே நடத்தும் தளத்தில் இடம் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. அங்கே சர்வீஸ் டெஸ்க் என்று ஒரு வசதி, இலவசத் திட்டத்திலேயே உண்டு: ஒரு முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பினால் அதுவே இஷ்யூவாகப் பதிவாகிவிடும். அனுப்பியவருக்குக் கணக்கு தேவையில்லை. இதைப் படித்ததும் 'அண்ணாச்சிக்கு வழி கிடைத்துவிட்டது' என்று குதித்தேன். அவருக்குப் போன் போட்டேன். "ஈமெயிலா? அது பேரன் பாக்கான்" என்றார்.

எங்களைத் தடுத்தது வேறு விஷயம். இலவசக் கணினிகளை கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் சூறையாடியதால், 2021-லிருந்து புதிய இலவசக் கணக்குகள் தானியங்கிச் சோதனையை ஓட்டுவதற்குக் கடன் அட்டையோ டெபிட் அட்டையோ காட்டச் சொன்னார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் பத்தொன்பது வயதுப் பையனிடம் 'திருத்தம் அனுப்பு, கூடவே அப்பாவின் கார்டையும் எடுத்துவா' என்று எப்படிச் சொல்வது? தனிக் களஞ்சியக் குழுவுக்கு ஐந்து பேர் என்ற வரம்பும் உண்டு. எங்களுடையது பொதுக் களஞ்சியம் என்பதால் அது பிரச்சினையில்லை.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். 2017 ஜனவரி 31 அன்று அவர்களின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் கட்டளை கொடுத்து உயிரோடிருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து வகை பேக்கப் வைத்திருந்தார்கள், வேண்டிய நேரத்தில் ஒன்றும் கைகொடுக்கவில்லை. தற்செயலாக எடுத்துவைத்த ஒரு பிரதி காப்பாற்றியது. ஏறத்தாழ ஆறு மணிநேரத் தரவு போனது. போனது எது? இஷ்யூக்கள், கருத்துகள், பயனர் கணக்குகள். கிட் களஞ்சியங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மீட்புவேலையை அவர்கள் யூடியூபில் நேரடியாகக் காட்டியதற்கு என் மரியாதை என்றும் உண்டு.

கோட்பெர்க்

பெர்லினில் பதிவான, லாபநோக்கமற்ற சங்கம் நடத்துவது. 2019-இல் கதவு திறந்தது. கட்டற்ற உரிமம் உள்ள திட்டங்களுக்கு மட்டும்தான் இடம். நன்கொடையில் ஓடுகிறது. அடியில் இருப்பது ஃபோர்ஜெயோ என்ற மென்பொருள், அதுவும் கட்டற்றது. கிட்ஹப் தெரிந்தவருக்குப் பத்து நிமிஷத்தில் பழகிவிடும். மனசுக்குப் பிடித்தது இதுதான். எங்கள் சிங்கப்பூர் நண்பர் கடைசிவரை இதற்காகத்தான் வாதாடினார்.

இதில் இடம் மாறுவது எளிது. ஃபோர்ஜெயோவுக்குள் கிட்ஹப் முகவரியைக் கொடுத்தால் நிரலோடு இஷ்யூ, புல் ரிக்வெஸ்ட், லேபிள், வெளியீடு எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். பிறகு இங்கிருந்து சொந்த சர்வருக்கும் அப்படியே போகலாம், இரண்டு பக்கமும் ஒரே மென்பொருள். குறை என்றால், வருகிறவர்கள் குறைவு. நாங்கள் பார்த்தபோது சோதனை ஓட்டத் தனியாக அனுமதி கேட்கவேண்டியிருந்தது. சில நாள் தளம் மெதுவாக வரும்.

சொந்த சர்வர்

ஃபோர்ஜெயோவை நிறுவுவது ஒரு மாலைநேர வேலை. ஒரே இயங்கு கோப்பு, எஸ்க்யூலைட் தரவுத்தளம், மாசம் ஐந்தாறு டாலர் வாடகைக் கணினி. நான் ஏற்கெனவே ஒருமுறை வேறொரு திட்டத்துக்காக இப்படி நடத்தியிருக்கிறேன். முதல் மூன்று மாசம் ராஜாவாக இருந்தேன்.

அப்புறம் 2021 அக்டோபர் 1 வந்தது. அட்டையிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதி நடைமுறைக்கு வந்த நாள். வெளிநாட்டுச் சேவைக்கு என் அட்டையிலிருந்து போய்க்கொண்டிருந்த பணம் நின்றது. எச்சரிக்கை மின்னஞ்சல் நான் திறந்தே பார்க்காத முகவரிக்குப் போயிருந்தது. சர்வர் நின்றது எனக்கு எப்போது தெரிந்தது என்றால், ஒரு மாணவர் "அண்ணா, சைட் வரல" என்று ட்விட்டரில் கேட்டபோது. நிரல் மூன்று பேரிடம் இருந்தது. 140 சொச்சம் இஷ்யூக்கள் யாரிடமும் இல்லை.

இப்போது இதோடு செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் வலையை மேயும் தானியங்கி நிரல்கள் வேறு. ஒவ்வொரு கமிட்டின், அதாவது பதிவான மாற்றத்தின், ஒவ்வொரு பக்கத்தையும் விடாமல் அள்ளுகின்றன. க்னோம் மாதிரி பெரிய திட்டங்களே அவற்றைத் தடுக்க வாசலில் காவல் நிரல் வைக்கவேண்டி வந்தது. ஐந்து டாலர் கணினி என்ன செய்யும்? நடுராத்திரியில் எழுந்து பார்க்க இரண்டு பேராவது இல்லாத குழு இந்தப் பக்கமே போகவேண்டாம்.

இதேபோல் இடம் தரும் சோர்ஸ்ஹட், சவன்னா இரண்டையும் எட்டிப்பார்த்தோம். மின்னஞ்சலில் பேட்ச், அதாவது திருத்தக் கோப்பு, அனுப்பிப் பழகியவர்களுக்கு நல்ல வீடு. எங்களில் அப்படி ஒருவரும் இல்லை.

வீட்டுக்குச் சாவி எத்தனை?

எங்கே குடியேறினாலும் முதல் நாளே செய்யவேண்டியது, ஒருவரின் சொந்தக் கணக்கில் களஞ்சியத்தைத் தொடங்காமல் அமைப்புக் கணக்கு தொடங்கி, குறைந்தது இரண்டு பேரை உரிமையாளராக வைப்பது. கிட்ஹப்பில் இதற்குக் காசு கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரு திட்டத்தில் எல்லாம் ஒருவர் பெயரில் இருந்தது. அவர் பேருந்தில் போனைத் தொலைத்தார். இரட்டைச் சரிபார்ப்புக் குறியீடு அதில்தான் வரும். மீட்புக் குறியீடுகளை எங்கே வைத்தார்? அதே போனில்.

உரிமத்தையும் முதல் நாளே போட்டுவிடவேண்டும். உரிமம் இல்லாத நிரல் பொதுவில் கிடந்தாலும் அடுத்தவர் எடுத்தாள அனுமதி இல்லை என்றுதான் பொருள். யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்றால் எம்ஐடி, எடுத்து மாற்றி வெளியிடுகிறவர் மாற்றத்தையும் அதே உரிமத்தில் தரவேண்டும் என்றால் ஜிபிஎல். நாங்கள் ஜிபிஎல் போட்டோம்.

தமிழில் கோப்புப் பெயர் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'கொம்பு' என்று பெயரிட்ட கோப்பைச் சேர்த்துவிட்டு ஸ்டேட்டஸ் பார்த்தால் 340, 256, 225 என்று எண்களாகக் கொட்டும். கோப்பு கெட்டுவிட்டது என்று நாங்கள் ஒருநாள் முழுக்கப் பயந்தோம். 'க' என்ற எழுத்தின் மூன்று பைட்டுகளைத்தான் கிட் எட்டின் அடிமான எண்களில் அப்படிக் காட்டுகிறது. கோட்பாத் (core.quotepath) என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழ் தமிழாகத் தெரியும்.

உதவி கேட்கும் இடம்

இடத்தைவிட இதில்தான் குழுக்கள் அதிகம் கோட்டைவிடுகின்றன. எங்களுக்கு நடந்ததையே சொல்கிறேன்.

ஒரு பள்ளி ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்: "சார், மாத்தின ஃபைல்ல 'கொண்டாட்டம்'னு தேடினா கிடைக்கமாட்டேங்குது. ஆனா கண்ணுக்குத் தெரியுது." கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். படத்தில் 'கொண்டாட்டம்' அழகாகத்தான் இருந்தது. கோப்பை வாங்கிப் பிரித்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. பாமினியில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டப்படும், யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் வரவேண்டும். எங்கள் நிரல் இடத்தைச் சரியாக மாற்றியது. ஆனால் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாக விட்டுவிட்டது. விசைப்பலகையில் அடித்தால் 'ொ' ஒரே குறியாக வரும். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம், ஆனால் ஆசிரியர் பயன்படுத்திய தேடல் பெட்டிக்கு அந்தச் சமத்துவம் தெரியவில்லை. மாற்றி முடித்ததும் ஒருமுறை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு நெறிப்படுத்தினால் தீர்ந்தது. 'கௌரவம்' மட்டும் அதற்கும் மசியவில்லை. பழைய கோப்பில் ஔகாரத்தின் வால் இருக்கவேண்டிய இடத்தில் யாரோ 'ள' தட்டியிருந்தார்கள். அதை எந்த நெறிப்படுத்தலும் சேர்த்துவைக்காது.

நல்ல பதில். வாட்ஸ்அப்பில் எழுதினேன். இரண்டு வாரம் கழித்து வேறொருவர் அதே கேள்வி. மறுபடி எழுதினேன். மூன்றாவது ஆள் வந்தபோது பழைய பதிலைத் தேடி மேலே மேலே போனேன். காலை வணக்கங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவில் கிடைக்கவில்லை. அன்றைக்குத்தான் 'மாற்றிய கோப்பில் கொ, கோ தேடினால் கிடைக்கவில்லை' என்று ஓர் இஷ்யூ திறந்து, மூலக்கோப்பின் இரண்டு வரியையும், கிடைத்ததையும், கிடைக்கவேண்டியதையும் எழுதிவைத்தேன். இப்போது கேட்கிறவருக்கு இணைப்பு மட்டும் போகிறது.

வாட்ஸ்அப்பின் கோளாறு, புதிதாகச் சேர்கிறவருக்குப் பழைய பேச்சு தானாகத் தெரியாது என்பது. டெலிகிராமில் தெரியும், தேடவும் முடியும், அதனால் ஒரு படி மேல். டிஸ்கார்டில் மாணவர்கள் குவிகிறார்கள், ஆனால் அங்கே சொன்ன பதில் கூகுளில் வராது. பழைய அரட்டை முறையான ஐஆர்சியை நான் காதலிப்பேன், ஆனால் கேட்டுவிட்டு மூன்று மணிநேரம் காத்திருக்கும் பொறுமை இன்றைக்கு யாருக்கு உண்டு? தவிர, 2021 மே மாசம் ஃப்ரீநோட் என்ற பெரிய ஐஆர்சி வலையமைப்பின் நிர்வாகம் கைமாறி, ஊழியர்கள் மொத்தமாக விலகி லிபெரா சாட் தொடங்கியபோது, நூற்றுக்கணக்கான திட்டங்கள் சில வாரங்களில் மூட்டை கட்டின. மின்னஞ்சல் குழுதான் எல்லாவற்றிலும் ஆயுசு கெட்டி. சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மடலாற்றுக்குழுவில் நான் கற்றது எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. இன்றைய பையன்களை அதில் சேரவைக்கத்தான் முடியவில்லை. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் தமிழ் கிடையாது. பைத்தான் சந்தேகத்துக்குச் சரி, பாமினிக் கொம்புக்கு அங்கே ஆள் ஏது?

மொழி பற்றி எங்களுக்குள் சின்னச் சண்டை. கமிட் செய்தி ஆங்கிலத்தில், இஷ்யூ எந்த மொழியிலும் என்று முடிந்தது. தமிழில் கேட்கலாம் என்று ரீட்மீ எனும் அறிமுகக் கோப்பில் எழுதியதும் வந்த முதல் இஷ்யூ ஓர் அச்சகக்காரருடையது. ஆங்கிலத்தில் கேட்கச் சொல்லியிருந்தால் அவர் வந்திருக்கவே மாட்டார்.

கூட்டம் அதிகமாக வந்தாலும் தொல்லைதான். 2020 அக்டோபரில் டி-ஷர்ட்டுக்காகக் கண்ட களஞ்சியத்திலும் 'அருமையான திட்டம்' என்று இரண்டு சொல்லைச் சேர்த்துப் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினார்களே, திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் தரும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் விழாவின் அந்தக் கூத்து நினைவிருக்கும். நம் நாட்டு மாணவர்களின் பங்கும் அதில் கணிசம். விரும்பிச் சேர்ந்த திட்டங்கள் மட்டும் என்று நடுவிலேயே விதியை மாற்றவேண்டி வந்தது.

கடைசியில்

கிட்ஹப்பில் அமைப்புக் கணக்கு, சாவி என்னிடமும் யாழ்ப்பாணத்துத் தம்பியிடமும். மாற்றத்தை ஏற்றும் ஒவ்வொரு புஷ்ஷின்போதும் நிரல் கோட்பெர்க்குக்கும் போகிறது. வாரம் ஒருமுறை இஷ்யூக்களையெல்லாம் இறக்கி ஒரு கோப்பாக இரண்டு பேர் வைத்துக்கொள்கிறோம், இருபது வரி நிரல்தான். அரட்டைக்கு டெலிகிராம். அங்கே தீர்ந்த எந்தச் சந்தேகத்தையும் பதில் சொன்னவரே இஷ்யூவாக எழுதிவிடவேண்டும் என்று விதி. பாதி நாள் கடைப்பிடிக்கிறோம். சிங்கப்பூர்க்காரர் இன்னும் 'முதல் வீடு கோட்பெர்க்காக இருந்திருக்கவேண்டும்' என்று முனகுகிறார். நிரல் மட்டும் எழுதும், அனுபவமுள்ள நாலைந்து பேர் என்றால் அவர் சொல்வதையே நானும் செய்திருப்பேன்.

அண்ணாச்சிக்குக் கணக்கு தொடங்கிக் கொடுத்து, எங்கே அமுக்கவேண்டும் என்று வீடியோ காலில் மூன்று முறை காட்டினேன். தலையாட்டினார். நேற்றும் டாம் அட்டவணையில் எட்டு திருத்தம் அனுப்பியிருக்கிறார், வாட்ஸ்அப்பில், 'மாத்தினது புதுசு 3' என்ற ஜிப்பாக. பிரித்து அவர் பெயரில் கமிட் போடுவது இப்போது என் வேலை.